ஓடையை மறிக்காத வேலி

வாலிகண்டபுரத்தில் வேலி என்று பேச்செடுத்தால் அது காட்டுப்பன்றியில்தான் தொடங்கும். மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் நேரத்தில் ஒரு கூட்டம் உள்ளே புகுந்துவிட்டால், விடியும்போது மிதிபட்ட தட்டைதான் மிஞ்சும். ஐப்பசி, கார்த்திகையில் இதே கொல்லைக்கு வேறொரு கவலை வருகிறது. மேற்கே பச்சைமலைப் பக்கம் பெய்யும் மழை ஓடைகளில் இறங்கி, ஏரிகளை நிரப்பி, வெள்ளாற்றுப் படுகையை நோக்கி ஓடுகிறது. பன்றிக்குப் போட்ட வேலி அந்தத் தண்ணீரையும் மறித்தால், நம் பயிர் அழுகும். இல்லையென்றால் பக்கத்துக்காரர் பயிர் அழுகும். அதனால் கம்பி விலை விசாரிப்பதற்கு முன்னால் தண்ணீர் வரும் வழியைப் பார்க்க வேண்டும்.

தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுத்து நிலத்தை அளந்து, சர்வே கற்களைக் கண்டுபிடித்த பிறகுதான் குழி தோண்ட வேண்டும். புலப்படத்தில் ஓடைப் புறம்போக்கு எங்கே போகிறது என்று தெரியும். பல ஆண்டுகளாக உழுதுவரும் இடம் என்பதால் ஓடை பட்டா நிலமாகிவிடாது. ஏரி ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. ஓடையை வளைத்துப் போட்ட வேலியையும் ஒருநாள் பிடுங்கத்தான் வேண்டியிருக்கும்.

அடுத்தது மண். இந்தப் பக்கத்துக் கரிசல் மண் கோடையில் வெடித்துப் பிளக்கும், மழையில் ஊதும். மேலோட்டமாக நட்ட கல்லுக்கால் இரண்டு மழைக்காலத்தில் சாய்ந்துவிடும். ஏழடிக் கல் என்றால் இரண்டடிக்குக் குறையாமல் மண்ணுக்குள் போக வேண்டும். குழியைக் கரிசலாலேயே மூடாமல் கிராவல் போட்டு இடிப்பது நல்லது. மூலைக் கற்களுக்கு இரண்டு பக்கமும் முட்டுக்கல் கட்டாயம் வேண்டும். கம்பியின் இழுப்பு முழுவதையும் தாங்குவது அவைதான்.

பன்றி வேலியைத் தாண்டுவதைவிட அடியில் முட்டித் தோண்டி நுழைவதுதான் அதிகம். ஆகவே உயரத்துக்குச் செலவழிப்பதைவிட, செயின் லிங்க் வலையின் அடிப்பகுதியை ஓரடி மண்ணில் புதைப்பதோ, தரையை ஒட்டி ஒரு முள்கம்பி இழுப்பதோ கூடுதல் பலன் தரும். கைச்செலவு குறைவாக வேண்டும் என்பவருக்குக் கிளுவை இருக்கிறது. போத்துகளை நெருக்கமாக நட்டுவிட்டால் சில ஆண்டுகளில் உயிர்வேலி அடர்ந்துவிடும். மண்ணைப் பிடித்துக்கொண்டு தண்ணீரை மெதுவாகக் கசியவிடும். என் கணக்கில் வாய்க்கால் ஓரங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலி இல்லை.

மின்சாரம் பற்றிக் கண்டிப்பாகவே சொல்ல வேண்டும். மோட்டார் கொட்டகையிலிருந்து நேரடியாக வேலிக் கம்பிக்கு மின்சாரம் கொடுப்பது கொலைக்குச் சமம். 2023 மார்ச்சில் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படியொரு வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும் மனிதர்களும் இப்படிச் சாகிறார்கள். சூரிய மின்வேலி வேறு வகை. அதில் 12 வோல்ட் பேட்டரியில் ஓடும் கருவி, நொடிக்குச் சுமார் ஒரு முறை, மிகச் சிறு துடிப்பாக அதிர்ச்சி கொடுக்கும். விலங்கு விலகி ஓடும், சாகாது. இதற்கும் 2023-ல் தமிழ்நாடு அரசு விதிகள் கொண்டுவந்துவிட்டது. தரச்சான்று பெற்ற கருவியும் பதிவும் வேண்டும். மானியம் உண்டா என்று வேளாண்மைப் பொறியியல் துறையில் கேட்டுப் பாருங்கள். பன்றியைச் சுடும் அதிகாரமும் விவசாயிக்கு இல்லை. 2025 ஜனவரியில் அரசு அறிவித்தபடி, காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர்தான் சுடலாம்.

வேலி ஓடையைக் கடக்கும் இடத்தில்தான் பெரும்பாலானவர்கள் ஏமாந்து போகிறார்கள். பருத்திமார், சோளத்தட்டை, பிளாஸ்டிக் எல்லாம் வலையில் சிக்கினால் சில மணி நேரத்தில் அது அணையாகிவிடும். பிறகு வெள்ளம் வேலியைக் கல்லோடு பிடுங்கிக்கொண்டு போகும். அங்கே வலையை இருபுறமும் இறுக்கிக் கட்டாதீர்கள். மேலே ஒரு கம்பி இழுத்து, அதில் வலையைத் திரை மாதிரி தொங்கவிடுங்கள். வெள்ளம் வந்தால் தூக்கிக்கொண்டு வழிவிடும், வடிந்ததும் இறங்கிவிடும். ஆஸ்திரேலியப் பண்ணைகளில் வெள்ளத்தின்போது வேலியையே தரையில் சாய்த்துவிடும் முறை உண்டு. தண்ணீரோடு மல்லுக்கட்டக் கூடாது என்பதை அவர்களும் பட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள்.

மதில் எழுப்ப நினைப்பவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கினால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் சுமார் 500 கிலோ எடை அழுத்தும். இரண்டு மீட்டர் தேங்கினால் அது இரண்டு மடங்காகாது. நான்கு மடங்காகி 2,000 கிலோவைத் தொடும். நாலரை அங்குலச் செங்கல் சுவர் இதைத் தாங்காது. அது இடிந்து விழும்போது, தேங்கிய தண்ணீர் மொத்தமும் ஒரே நேரத்தில் வீட்டுப் பக்கம் பாயும். சரிவுக்குக் குறுக்கே மதில் கட்டியே ஆக வேண்டும் என்றால், தரைமட்டத்தில் போதுமான மதகுத் துளைகளை விட்டுக் கம்பி பொருத்துங்கள். மழைக்கு முன் அவற்றைச் சுத்தம் செய்யுங்கள்.

வெள்ளத் தடுப்பு என்பது நிலத்துக்கானது அல்ல, வீட்டு வாசலுக்கானது. நிலையின் இருபுறமும் சானல் அடித்து, அடியில் ரப்பர் வைத்த பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்கலாம். இதையும் இரண்டு, மூன்றடிக்கு மேல் உயர்த்தக் கூடாது. அதற்கு மேல் வெளியே நீர் நின்றால் வீட்டுச் சுவருக்கே ஆபத்து. மணல் மூட்டையை முக்கால் பாகத்துக்கு மேல் நிரப்பாமல், தார்ப்பாய் விரித்து, செங்கல் வரிசை போல இணைப்பு மாற்றி அடுக்கினால்தான் நிற்கும். கழிப்பறைக் குழாயில் நான்-ரிட்டர்ன் வால்வு இல்லையென்றால், வாசலை அடைத்தும் தண்ணீர் பின்வழியாக உள்ளே வந்துவிடும்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. வேலி வேலையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். முதல் கல்லை நடுவதற்கு முன், மேல்கொல்லைக்காரரையும் கீழ்கொல்லைக்காரரையும் அழைத்துக்கொண்டு, ஒரு முறை ஓடை வழியே நடந்து பாருங்கள்.