சிவப்பு சிக்னல் பச்சையா தெரியும்!

திண்டிவனத்துல ரயில் ஏறி விழுப்புரம் காலேஜுக்கு ஓடுற ஆளா நீங்க? அப்போ ஒரு சின்னக் கற்பனை. ஒளியின் வேகம் செகண்டுக்கு 3 லட்சம் கிலோமீட்டர் இல்ல, மணிக்கு வெறும் 100 கிலோமீட்டர்தான்னு வச்சுக்குங்க. ரயில் எங்கேயும் நிக்காம 80-ல பறக்குது.

தூரம் சுமார் 37 கிலோமீட்டர். ஸ்டேஷன் கடிகாரப்படி பயணம் 28 நிமிஷம். உங்க வாட்ச்ல? 17 நிமிஷம்தான்! உங்களைப் பொறுத்தவரை தூரமே 22 கிலோமீட்டரா சுருங்கியிருக்கும். ஐன்ஸ்டீன் 1905-ல சொன்ன சிறப்புச் சார்பியல் இதுதான்.

சரி, மயிலம், பேரணி, விக்கிரவாண்டி எல்லாம் ஜன்னல் வழியா எப்படித் தெரியும்? 'நசுங்கித் தெரியும்'னுதான் நாம எல்லாரும் எழுதி மார்க் வாங்குறோம். அங்கதான் கோட்டை விடுறோம் பாஸ். நசுங்குறது அளந்து பார்த்தா வர்ற கணக்கு. கண்ணுக்குத் தெரியறது வேற. ஒரு வீட்டோட பக்கத்து மூலை, தள்ளியிருக்குற மூலை ரெண்டுலேருந்தும் ஒளி ஒண்ணா வந்து கண்ணுல விழணும்னா, தள்ளியிருக்குற ஒளி முன்னாடியே கிளம்பியிருக்கணும். அப்போ வீடு வேற இடத்துல இருந்திருக்கும். அதனால வீடு லேசா திரும்பி நிக்குற மாதிரி, மறைஞ்சிருக்க வேண்டிய பக்கச் சுவரும் தெரியும். பந்து வட்டமாவே தெரியும். 1959-ல பென்ரோஸும் டெரலும் தனித்தனியா எழுதின பிறகுதான் இது பரவலா புரிஞ்சது. பெரிய பெரிய ஆளுங்களே தடுமாறின இடம், நாம எம்மாத்திரம்!

இதை போர்டுல வரைஞ்சு காட்ட முடியாது. கம்ப்யூட்டருக்கு சுலபம். ஒவ்வொரு புள்ளிக்கும் 'ஒளி எப்போ கிளம்புச்சு?'னு கணக்குப் போட்டு வரைஞ்சுடும். ஆஸ்திரேலிய தேசிய பல்கலைக்கழகம் மாணவர்களுக்காகவே 'ரியல் டைம் ரிலேட்டிவிட்டி'னு ஒரு சாஃப்ட்வேர் செஞ்சது. 2012-ல எம்.ஐ.டி. கேம் லேப் 'எ ஸ்லோவர் ஸ்பீடு ஆஃப் லைட்'னு இலவச கேமே விட்டது. உருண்டைகளைப் பொறுக்கப் பொறுக்க ஒளி மெதுவாகும். முன்னால நடக்க ஆரம்பிச்சா, எதிர்ல இருக்குறது கிட்ட வராம தள்ளிப் போகுற மாதிரி தெரியும். முதல் தடவை தலை சுத்தும்!

நிறமும் மாறும். நம்ம ரயில் 20-ல போகும்போதே எதிர்ல இருக்குற சிவப்பு சிக்னல் பச்சையா தெரியும். 80-ல அது புற ஊதாவாகி கண்ணுக்கே தெரியாது. லோகோ பைலட் பாவம்!

அந்த கேமோட 'ஓப்பன் ரிலேட்டிவிட்டி' கோடு எல்லாருக்கும் திறந்தே கிடக்கு. அவ்வளவு பெருசா வேணாம்னா, பைத்தான்ல ஒரு ரயில் பெட்டியோட 8 மூலையை மட்டும் எடுத்துக்குங்க. மூலைக்கு ஒரு இருபடிச் சமன்பாடு, ப்ளஸ் டூ கணக்குதான். பெட்டி திரும்புறது உங்க ஸ்க்ரீன்லயே தெரியும்.