வாளின் இடத்தில் வந்த கம்பு

அமிர்தசரஸ் பொற்கோயிலுக்கு எதிரே, அதனை நோக்கியபடியே நிற்கிறது அகால் தக்த் என்னும் மாளிகை. நாடோறும் மாலை வேளையில் அங்கே ஒரு காட்சி நிகழும். சீக்கிய குருமாரும் அவர்வழி நின்ற வீரரும் ஏந்தியவை எனப் போற்றப்படும் பழைய படைக்கலங்களை ஒவ்வொன்றாக எடுத்து, இஃது இன்னாருடையது என்று கூறிக் கூடியிருப்போர்க்குக் காட்டுவார்கள். கூட்டம் கைகூப்பி நிற்கும். உருவ வழிபாட்டை அறவே விலக்கிய ஒரு சமயத்திலே இரும்புக்கு இத்துணை மதிப்பு எவ்வாறு வந்தது? இவ்வினாவைப் பின்பற்றிச் செல்வோர், பஞ்சாபின் ஊர்த் திடல்களிலே இன்றும் பயிலப்படும் கட்கா என்னும் படைக்கலப் பயிற்சியிடம் வந்து சேருவர்.

கட்கா என்ற சொல்லைக் கேட்டவுடனே தமிழ் வாசகர்க்குக் கட்கம் நினைவுக்கு வருதல் இயல்பு. கட்கம் என்பது வாள். ஆனால், கட்கா வாளன்று, வெறுங்கம்பு. வாட்பயிற்சியிலே இளையோர் ஒருவரையொருவர் வெட்டிக்கொள்ளாதிருத்தற் பொருட்டுக் கையிற் கொடுத்த, மூன்றடிக்குச் சற்று மேற்பட்ட கோலுக்கு அப்பெயர் வழங்கிற்று. அதன் மூலம் வடமொழிக் ‘கதை’ என்பாரும் பாரசீகச் சொல் என்பாரும் உளர். மூலம் எதுவாயினும் ஆகுக. பழகுதற்கென வைத்த கருவியின் பெயரே நாளடைவிலே கலை முழுவதற்கும் பெயராயிற்று என்பதுதான் இங்கே கருதத்தக்கது. ஒரு கலையின் வீழ்ச்சியும் பிழைப்பும் இந்த ஒரு சொல்லினுள்ளே அடங்கிக் கிடக்கின்றன.

சீக்கிய சமயத்தைத் தோற்றுவித்த குரு நானக் (1469–1539) வாளேந்தியவரல்லர். நாடு நாடாகச் சென்று இறைபுகழ் பாடியவர். அவர் இலங்கைக்கும் வந்து சிவநாபன் என்னும் அரசனைக் கண்டார் என்று ஜனம்சாக்கி எனப்படும் வரலாற்றுக் கதைகள் கூறும். அதனை வரலாறாகக் கொள்வதா, பக்தி மரபாகக் கொள்வதா என்பது வேறு ஆராய்ச்சி. இரண்டாம் குருவாகிய அங்கத், கதூர் என்னும் ஊரிலே மற்போர்க் களம் அமைத்து இளைஞரைப் பயிற்றினார் என்பர். அஃது உடலோம்பும் முயற்சியே. திருப்பம் 1606 இல் நேர்ந்தது. ஐந்தாம் குரு அர்ஜன், முகலாயப் பேரரசன் ஜஹாங்கீரின் ஆட்சியிலே இலாகூரில் வதைக்கப்பட்டு உயிர்நீத்தார். அவருக்குப்பின் குருவாக அமர்ந்த மைந்தர் ஹர்கோபிந்த் இரண்டு வாள்களை இடையிலே தரித்துக்கொண்டார். ஒன்று மீரி, மற்றது பீரி. உலகியல் ஆட்சிக்கு ஒன்று, ஆன்மிக ஆட்சிக்கு ஒன்று. மேலே கூறிய அகால் தக்த் அவர் அதே ஆண்டில் நிறுவியதே. அதன் அருகில் நிற்கும் இரு கொடிமரங்களும் அவ்விரு வாள்களையே குறிக்கும். அவற்றுள் பீரியின் மரம் சற்று உயரமானது. படைக்கலம் எத்துணை போற்றப்படினும் அதற்கு மேலே ஒன்று உண்டு என்பதை அந்தச் சிறு உயர வேறுபாடு அறிவித்து நிற்கிறது.

ஒன்பதாம் குரு தேக் பகதூர் 1675 இல் டில்லியிலே கொல்லப்பட்டார். அவர் மைந்தர் குரு கோபிந்த் சிங், 1699 ஆம் ஆண்டு வைசாகி நாளில் ஆனந்தபூரிலே கால்சா என்னும் அறப்படையை அமைத்தார். கால்சாவைச் சேர்ந்தோர் தரிக்க வேண்டிய ஐந்து அடையாளங்களுள் ஒன்று கிருபாண் என்னும் குறுவாள். கிருபாணம் வடமொழியில் வாளைக் குறிக்கும் பழஞ்சொல். சீக்கியரோ அதனைக் கிருபை என்றும் ஆன் என்றும் பிரித்து, அருளும் மானமும் எனப் பொருள் காண்பர். மொழிநூலார் இப்பிரிப்பை ஏற்கமாட்டார்கள். ஆயினும், வாளின் பெயருக்குள்ளே அருளைத் தேடிய ஒரு சமுதாயத்தின் உள்ளத்தை அறிய இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை. வாளை எப்பொழுது எடுப்பது என்ற வினாவுக்கும் அந்தக் குருவே விடை கூறியுள்ளார். ஔரங்கசீப்புக்கு அவர் பாரசீக மொழியில் எழுதிய ஸபர்நாமா என்னும் செய்யுட் கடிதத்திலே, பிற வழிகள் யாவும் அடைபட்ட பின்னரே வாள் முறையாகும் என்னும் கருத்து நிலைநாட்டப்படுகிறது.

இவையெல்லாவற்றிலும் மேலாக, கட்கா பயிலும் சிறுவர்க்குச் சொல்லப்பட வேண்டிய கதை ஒன்று உண்டு. ஆனந்தபூரைப் பகைவர் சூழ்ந்து நின்ற காலம், அதாவது 1704 ஐ ஒட்டிய ஆண்டுகள். போர்க்களத்திலே தோற்பையில் நீர் சுமந்து திரிந்த பாய் கன்னையா என்னும் தொண்டர், விழுந்து கிடந்த தம்மவர்க்கு ஊட்டியது போலவே எதிரிப் படைஞர்க்கும் நீரூட்டினார். வீரர் சிலர் சினந்து குருவிடம் முறையிட்டனர். குரு அழைத்து வினவ, ‘களத்திலே நான் கண்ட முகமெல்லாம் தங்கள் முகமாகவே இருந்தது’ என்னும் பொருள்பட அவர் விடையளித்தார் என்பது மரபு. குரு அவரைக் கடிந்தாரல்லர். இனி நீரோடு இதனையும் கொண்டு செல்க என்று காயத்துக்கிடும் மருந்தையும் கொடுத்தனுப்பினார். வெட்டுவதற்குப் பயின்ற கையும் மருந்திடும் கையும் ஒரே ஆசானின் மாணாக்கர் கைகளே. சீக்கியர் கூறும் ‘துறவியும் வீரனுமாகிய ஒருவன்’ என்ற இலக்கியம் இந்த இடத்திலேதான் உயிர்பெறுகிறது.

பதினெட்டாம் நூற்றாண்டிலே இக்கலையைக் காத்தவர் நிஹங்கர். நீல உடையும், உயர்ந்த தலைப்பாகையிற் செருகிய எஃகுச் சக்கரங்களும் அவர்தம் கோலம். மகாராஜா ரஞ்சித் சிங்கின் படைகளிலே முன்னணியில் நின்று பொருத நிஹங்கர் தலைவர் அகாலி பூலா சிங் 1823 இல் நௌஷேராப் போரிலே வீழ்ந்தார். 1839 இல் மகாராஜாவும் மறைந்தபின், பத்தாண்டுகளுக்குள்ளே இரு போர்கள் நிகழ்ந்து, 1849 இல் பஞ்சாப் ஆங்கிலேயர் வசமாயிற்று. வென்றவர் முதலிற் செய்தவற்றுள் ஒன்று படைக்கலங்களைப் பறித்தல். வாளும் ஈட்டியும் துப்பாக்கியுமாக இலட்சத்துக்கு மேற்பட்டவை ஒப்படைக்கப்பட்டன. 1878 இல் இந்தியா முழுவதற்குமாக ஆயுதச் சட்டம் வந்தது. சமயச் சின்னமாகிய கிருபாணைத் தரிப்பதற்குங்கூட 1914 வரையிலே விலக்குக்குக் காத்திருக்க நேர்ந்தது. இன்று அவ்வுரிமை இந்திய அரசியலமைப்பின் 25 ஆம் உறுப்புரையிலேயே எழுதப்பட்டுள்ளது.

வாள் போயிற்று, கம்பு எஞ்சியது. திடலிலே கம்பும் தோற்பரிசையும் கொண்டு ஆடுவதை எந்த அரசும் கலகம் எனக் கொள்ளாது. ஆங்கிலேயரின் படையிற் சேர்ந்த சீக்கியர்க்கும் அஃது உடற்பயிற்சியாக ஒத்துவந்தது. இவ்வாறுதான் துணைக்கருவியாக இருந்தது தலைமை பெற்றது. இதனை இழிவென்று கொள்ளல் தகாது. கம்பு இன்றேல் காலடிகளும் மறைந்திருக்கும்.

அக்காலடிகளே கலையின் உயிர்நிலை. பெந்த்ரா எனப்படும் அடிவைப்பை மாணாக்கன் கம்பைத் தொடுவதற்கு முன்னமே பழகத் தொடங்குவான். ஒரு காலை உயர்த்தி மறுகாலில் நிறையை மாற்றி, முன்னும் பின்னும் பக்கமுமாக நான்கு திசைக்கும் திரும்பும் அந்த நடை, தூரத்தே நிற்பவர்க்குக் கூத்துப்போலவே தோன்றும். முரசு அதற்குத் தாளம் கூட்டும். பொருவோன் எக்கணத்திலும் ஓரிடத்தில் ஊன்றி நிற்பதில்லை. ஆகவே எத்திசையிலிருந்து அடி வரினும் அத்திசைக்கு அவன் உடல் ஏற்கனவே திரும்பிக்கொண்டிருக்கும். வலக்கையில் கம்பு, இடக்கையில் பரி என்னும் சிறு பரிசை. தடுப்பும் தாக்கும் ஒரே சுழற்சியின் இரு பாதிகள். இது கைவந்தபின்னரே வாள், கண்டா என்னும் இருபுறக் கூர்வாள், ஈட்டி, கட்டாரி என ஒவ்வொன்றாகக் கையிற் கிடைக்கும். தொடங்குமுன் படைக்கலங்கள் யாவும் தரையிலே ஒழுங்காகப் பரப்பப்படும். பயில்வோர் அவற்றின்முன் பணிந்து வணங்கிய பின்னரே ஒன்றை எடுப்பர். இவ்வணக்கத்தை நீக்கிவிட்டால் மிஞ்சுவது திறமை மட்டுமே.

இன்றைய கவலை இவ்விடத்திலேதான் பிறக்கிறது. கட்கா இப்பொழுது விளையாட்டாகிவிட்டது. 2022 ஜூனில் ஹரியானாவின் பஞ்ச்குலாவிலே நடந்த ‘கேலோ இந்தியா’ இளைஞர் விளையாட்டு விழாவில், கேரளத்துக் களரிப்பயிற்று, மணிப்பூரின் தாங்-தா ஆகியவற்றோடு கட்காவும் இடம்பெற்றது; 2023 இல் கோவாவில் நடந்த தேசிய விளையாட்டு விழாவிலும் சேர்ந்தது. போட்டி என்றால் தலைக்கவசம் வேண்டும், நேர வரையறை வேண்டும், எதிரியின் உடலைக் கம்பு தொட்டதற்கு மதிப்பெண் வேண்டும். மதிப்பெண் எதற்குக் கிடைக்கிறதோ அதனையே இளைஞன் பழகுவான். நான்கு திசைக்கும் திரும்பும் நடை, எதிரே நிற்கும் ஒருவனை மட்டும் நோக்கிய விரைவாகச் சுருங்குகிறது. எனினும், பாடசாலைகளிலே இக்கலை நுழைந்ததும், பெண்பிள்ளைகள் பெருந்தொகையாகப் பயில வந்ததும் போட்டியின் பயனே என்பதை மறுத்தலாகாது. 1705 இல் முக்த்ஸர்ப் போரிலே ஆடவரை வழிநடத்திப் பொருத மாயி பாகோவின் மரபினர்க்கு அஃது இரவற் பெருமையன்று, தாய்வழிச் சொத்து.

போட்டியைக் காட்டிலும் எமக்கு அச்சம் தருவது வேடிக்கை. கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவன் தலைமேலுள்ள தேங்காயை உடைப்பதும், மார்பிலே மின்குழல்களை நொறுக்குவதும் தொலைக்காட்சியிலே கைதட்டல் பெறுகின்றன. பார்ப்பவன் மூச்சைப் பிடித்துக்கொள்கிறான். ஆனால் அந்த மூச்சிலே வணக்கமில்லை. விளையாட்டுக்கு விதியேனும் உண்டு; வேடிக்கைக்கு அதுவும் இல்லை.

பழைய போர்க்கலை முழுவதையும் சஸ்தர் வித்யா என்று வேறாகப் பெயரிட்டு, கட்கா அதன் நிழல் மட்டுமே என்று வாதிடுவோரும் உளர். உண்மை வித்தை சில ஆசான்களின் பரம்பரையிலே மறைவாகக் காக்கப்பட்டது என்பது அவர்தம் கொள்கை. மற்றையோர் இரண்டும் ஒன்றே, இடையில் அறுபடவில்லை என்பர். மறைவாக இருந்ததை வெளியிலிருந்து அளக்க வழியில்லையாதலால் இவ்வழக்கு எளிதில் தீராது. ஆனால் வழக்குத் தீரும் வரை ஆசான்மார் காத்திருக்க மாட்டார்கள். அவர்கள் அறிந்ததிற் பெரும்பகுதி ஏட்டிலே ஏறாதது. படம் பிடித்து வைக்கலாம். அடிவைப்பு அதில் விழும். ஓர் அடியை ஏன் பாதியில் நிறுத்த வேண்டும் என்று ஆசான் சொல்லும் காரணத்தைப் பக்கத்திலிருந்து கேட்டு எழுதினாலன்றி அது விழாது. இலண்டனிலும் வான்கூவரிலும் வைசாகி ஊர்வலத்திலே கம்பு சுழற்றும் பிள்ளைகளுட் பலருக்குப் பஞ்சாபி மொழி வீட்டு வாயிலோடு நின்றுவிடுகிறது. அவர்களுக்கு அக்காரணத்தை எம்மொழியில் எவர் சொல்வது?

டல்ஹௌசிப் பிரபு கைக்கொண்டு பிரித்தானியாவுக்கு அனுப்பியவற்றுள் குரு கோபிந்த் சிங்கின் படைக்கலங்கள் எனப்பட்டவையும் இருந்தன. நூறு ஆண்டுக்கு மேலாக அங்கே கிடந்த அவை 1960 களின் நடுவிலே இந்தியாவுக்குத் திருப்பி அளிக்கப்பட்டு, கால்சா பிறந்த ஆனந்தபூரிலேயே கேஷ்கர் சாஹிபில் வைக்கப்பட்டன. ஹோலிப் பண்டிகையை அடுத்து அவ்வூரில் ஹோலா மொஹல்லா என்னும் படைவிழா நடக்கும். குரு கோபிந்த் சிங்கே தொடக்கி வைத்தது அது. நீல உடை நிஹங்கர் இரு குதிரைகளின் முதுகிலே காலுக்கொன்றாக ஊன்றிப் பாய்ந்து செல்வர். மேலே கேஷ்கரிலே மக்கள் வரிசையாக நின்று அந்த எஃகை வணங்குவர். கீழே திடலிலே சிறுவர் கம்புகளைத் தரையிற் பரப்பி, குனிந்து, முரசு தொடங்குவதற்காகக் காத்திருப்பர்.