மூக்குக்கு யாரு வாட்ச்மேன்?

ஃப்ளூ ஊசி போட்ட கை வலிகூட இன்னும் போகலை. அதுக்குள்ள ரூம்மேட் 'ஹச்...'னு ஒரு தும்மல். ரெண்டே நாள்ல நமக்கும் மூக்கு ஒழுகுது. 'அப்போ ஊசி வேஸ்ட்டா மச்சி?'ன்னு ஹாஸ்டல்ல பட்டிமன்றமே நடக்கும்!

வேஸ்ட் இல்லை பாஸ். ஊசி முழுசா வேலை செய்யவே சுமார் ரெண்டு வாரம் ஆகும். தவிர, மூக்கு ஒழுகுறதெல்லாம் ஃப்ளூவும் கிடையாது. சாதாரண சளி வைரஸை இந்த ஊசி கண்டுக்கவே கண்டுக்காது. ஆனா, அசல் மேட்டர் வேற. கையில போடுற ஊசி காவலுக்கு ஆள் நிறுத்துறது ரத்தத்துல. வைரஸ் வர்ற வழியோ, மூக்கு!

ரத்தத்துல உருவாகிற காவலாளி பேரு ஐஜிஜி. இது ரத்தத்துலேர்ந்து கசிஞ்சு நுரையீரல் வரைக்கும் போகும். அதனாலதான் ஊசி போட்டவங்களுக்கு ஃப்ளூ வந்தாலும் நிமோனியா வரைக்கும் முத்திப்போற ஆபத்து குறையுது. மூக்கோட ஈரச் சவ்வுல டியூட்டி பார்க்கிறது ஐஜிஏன்னு வேற ஒரு ஆள். கையில போடுற ஊசி இவரை அவ்வளவா எழுப்புறதில்லை. ஹாலுக்கு செக்யூரிட்டி பலமா இருக்கு, கேட்டுல ஆள் கம்மி!

கேட்டுக்கு ஆள் போட நினைச்சவர் ஹுனைன் மாசாப். சிரியாவுல பிறந்து, அமெரிக்காவுல மிச்சிகன் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்த விஞ்ஞானி. 1960-ல ஆன் ஆர்பர் ஊர்ல கிடைச்ச ஒரு ஃப்ளூ வைரஸை, 25 டிகிரி செல்சியஸ் குளிர்ல வளரப் பழக்கினார். மெக்கானிக்கல் பசங்க காலரைத் தூக்கி விட்டுக்கலாம், சூட்சுமம் முழுக்க டெம்பரேச்சர்தான்! மூச்சுக்காத்து படுறதால மூக்கு கொஞ்சம் கூலா இருக்கும். பழக்கின வைரஸ் அங்கே வளரும். சூடா இருக்கிற நுரையீரல்ல அதால சரியா வளர முடியாது. நோயும் வராது, மூக்கும் பாடம் படிச்சுக்கும்!

அந்த வைரஸ் 'ஃப்ளூமிஸ்ட்' ஸ்ப்ரேயா அமெரிக்காவுல அனுமதி வாங்கினது 2003-ல. 40 வருஷத்துக்கு மேல காத்திருப்பு, நம்ம அரியர் எல்லாம் ஜுஜுபி! 2009-ல பன்றிக்காய்ச்சல் பரவினதும், புனே சீரம் இன்ஸ்டிட்யூட்டும் இதே வழியில 2010-ல 'நாசோவேக்' கொண்டுவந்தது.

அப்போ எல்லாரும் ஸ்ப்ரேக்கு மாறிடலாமா? அங்கேதான் ட்விஸ்ட். பெரியவங்க மூக்கு ஏற்கெனவே பல ஃப்ளூ பார்த்த மூக்கு. ஸ்ப்ரே வைரஸையே திருடன்னு நினைச்சு அடிச்சு விரட்டிடுது, பாடம் பாதியில நிக்குது. அதனால ஸ்ப்ரே நல்லா எடுபடுறது சின்னப் பசங்ககிட்டதான். அமெரிக்காவுல 2 முதல் 49 வயசு வரைக்கும்தான் இதுக்கு அனுமதி. உயிருள்ள வைரஸ்ங்கிறதால கர்ப்பிணிகளுக்கும் எதிர்ப்பு சக்தி குறைஞ்சவங்களுக்கும் கிடையாது. 2016-லேர்ந்து ரெண்டு சீசனுக்கு 'யூஸ் பண்ணாதீங்க'ன்னே அங்கே சொல்லிட்டாங்க. 2009 பன்றிக்காய்ச்சல் வகைகிட்ட ஸ்ப்ரே சொதப்பினதுதான் காரணம். உள்ளே இருந்த வைரஸை மாத்தின பிறகு, 2018-19 சீசன்ல மறுபடி வந்துச்சு.

பிரிட்டன்காரங்க கணக்கு எனக்குப் பிடிச்சது. 2013-லேர்ந்து அங்கே குழந்தைகளுக்கு ஸ்ப்ரே அடிக்கிறாங்க. குழந்தைங்களுக்குப் பாதுகாப்பு, கூடவே அவங்க மூலமா தாத்தா பாட்டிக்குத் தொத்தாம இருக்கவும்தான்!

நம்ம வீட்டுலயும் பாட்டியோ, ஆஸ்துமா இருக்கிறவங்களோ இருந்தா அவங்களுக்குக் கை ஊசிதான், வருஷா வருஷம். லீவுக்கு ஊருக்குப் போற ஆளா நீங்க? கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடியே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டு, நீங்களும் போட்டுக்கிட்டு பஸ் ஏறுங்க!