கைப்பணத்திற்கு டிஜிட்டல் ரூபாய் ஈடாகுமா?

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் வட்டாரத்துப் பஞ்சாயத்து ஒன்றின் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். அன்று ஒரு தீர்மானம் கொண்டுவரப்பட்டது. வீட்டு வரியையும் குடிநீர்க் கட்டணத்தையும் இனி ரொக்கமாகப் பெறுவதில்லை; கைபேசி மூலமாகவோ இணையத்தின் மூலமாகவோ செலுத்தினால் மட்டுமே ஏற்பது என்பது அதன் சாரம். அங்கத்தினர்கள் கூறிய காரணங்கள் நியாயமானவையே. வசூலான ரொக்கத்தைப் பத்துக் கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள வங்கியில் கட்டுவதற்குச் செயலாளருக்கு அரை நாள் செலவாகிறது. சில்லறைக்குத் தகராறு ஓயாது. ரசீதுப் புத்தகத்தில் ஒரு பூச்சியம் கூடினாலும் குறைந்தாலும் தணிக்கையில் பதில் சொல்ல வேண்டும். அவற்றைக் கேட்டு நானும் தலையசைத்தேன் என்பதை மறைப்பதற்கில்லை.

அப்போது வாயிலில் நின்றிருந்த மூதாட்டி ஒருவர், முந்தானை முடிச்சை அவிழ்த்தவாறே, "மறுபடியும் நோட்டு செல்லாதுன்னு சொல்லிட்டாங்களா, ஐயா?" என்று கேட்டார். 2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாவென அறிவிக்கப்பட்டதும், அதன்பின் வங்கி வாயிலில் கால் கடுக்க நின்ற நாட்களும் அவர் நினைவில் இருந்தன. கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. தீர்மானம் அடுத்த கூட்டத்திற்கு ஒத்திவைக்கப்பட்டது. அந்த இடைக்காலத்தில் இப்பொருளைக் குறித்துப் படித்தும், சந்தைகளில் விசாரித்தும் நான் அறிந்துகொண்டவற்றைப் பிற பஞ்சாயத்துகளுக்கும் பயன்படும் என்று கருதி இங்கு எழுதுகிறேன்.

"டிஜிட்டல் பணம்" என்று பொதுவாகச் சொல்லப்படுவதில் மூன்று வெவ்வேறு பொருள்கள் கலந்து கிடக்கின்றன. தேநீர்க் கடையில் ஒட்டியிருக்கும் கியூ.ஆர். அட்டைக்கு நேரே கைபேசியைக் காட்டிப் பணம் கொடுக்கிறோமே, அது 2016இல் தொடங்கிய யு.பி.ஐ. முறை. இதில் புதிய நாணயம் ஏதும் இல்லை. நம் வங்கிக் கணக்கிலுள்ள தொகையைக் கடைக்காரரின் கணக்கிற்கு மாற்றும்படி நாம் இடும் கட்டளையே அது. பழைய செக்கு செய்த வேலையைக் கண் இமைக்கும் நேரத்தில் செய்து முடிக்கிறது.

இரண்டாவது, டிஜிட்டல் ரூபாய். இது உண்மையிலேயே புதிய வகைப் பணம். ரிசர்வ் வங்கியே இதனை வெளியிடுகிறது. பொதுமக்களுக்கான சோதனை 2022 டிசம்பர் 1ஆம் தேதி மும்பை, புது தில்லி, பெங்களூரு, புவனேசுவரம் ஆகிய நகரங்களில் தொடங்கிற்று. அச்சிட்ட நோட்டைப் போன்றே 10, 50, 100, 500 முதலிய மதிப்புகளில் அமைந்து, வங்கி அளிக்கும் கைபேசிப் பணப்பையில் இது தங்கும். நம் வீட்டுப் பெட்டியிலுள்ள நோட்டுக்கு எவ்வாறு வட்டி இல்லையோ, அவ்வாறே இதற்கும் இல்லை. வங்கிக் கணக்கில் உள்ள பணத்திற்கு அந்த வங்கி பொறுப்பு. இதற்கோ நோட்டுக்குப் போலவே ரிசர்வ் வங்கி பொறுப்பு. சட்டப்படி இது செல்லும் பணமாகும்.

மூன்றாவது, பிட்காயின் முதலியவை. இவற்றிற்கு எந்தச் சர்க்காரும் பொறுப்பில்லை. எல் சால்வடார் என்னும் சிறு நாடு 2021 செப்டம்பரில் பிட்காயினைச் சட்டப்படி செல்லும் நாணயமாக்கி, வணிகர்கள் ஏற்றே தீர வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் அக்கட்டாயத்தைக் கைவிட்டது. காலையில் ஒரு விலையும் மாலையில் ஒரு விலையுமாக இருக்கும் பொருளைக் கொடுத்து வேப்பம் புண்ணாக்கு வாங்க எவராலும் இயலாது. இதன் பெயரைச் சொல்லிக் கிராமங்களில் பணம் திரட்டுவோரை நம்பலாகாது என்று மட்டும் கூறி இதனை விடுகிறேன்.

நோட்டு நிலைபெற்ற கதை

புதிய பணம் பழைய பணத்திற்கு ஈடாகுமா என்னும் கேள்வி நமக்குப் புதிதன்று. வெள்ளி ரூபாய் வழங்கிய காலத்தில் காகித நோட்டைக் குறித்தும் இதே கேள்வி எழுந்தது. 1861ஆம் ஆண்டின் காகிதச் செலாவணிச் சட்டத்தின்படி நோட்டு வெளியிடும் உரிமையைச் சர்க்கார் ஏற்றது. ஆயினும் நாடு கல்கத்தா, பம்பாய், சென்னை முதலிய வட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு வட்டத்தின் நோட்டு அவ்வட்டத்திற்குள் மட்டுமே சட்டப்படி செல்லும். சென்னை வட்டத்து நோட்டுடன் பம்பாய் சென்றவர் வட்டம் கொடுத்தே மாற்ற வேண்டியிருந்தது என்றால் வியப்பில்லை. 1903இல்தான் 5 ரூபாய் நோட்டு பர்மா நீங்கலாக நாடெங்கும் செல்லும்படி செய்யப்பட்டது. 10, 50 ரூபாய் நோட்டுகளுக்கு 1910இலும், 100 ரூபாய் நோட்டுக்கு 1911இலும் அந்நிலை வாய்த்தது. ஆக, நோட்டு நாடு முழுவதற்கும் பொதுவான பணமாவதற்கு ஐம்பது ஆண்டுகள் பிடித்தன. காகிதத்தின் தரம் அதற்குக் காரணமன்று; எங்கே கொடுத்தாலும் வாங்குவார்கள், வேண்டும்போது வெள்ளியாக மாற்றலாம் என்னும் உறுதி மெல்ல மெல்லத்தான் வந்தது.

சட்டம் ஒன்றே போதாது என்பதற்கு வேறொரு சான்று நம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. 10 ரூபாய் நாணயத்தைத் தமிழ்நாட்டின் பல ஊர்களில் கடைக்காரர் வாங்க மறுப்பதை நாம் அறிவோம். அதன் பல்வேறு வடிவங்களைக் கண்டு எது போலி எது அசல் என்று ஐயம் கிளம்பிற்று. 14 வடிவங்களும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018இல் விளக்கம் தந்தது. எனினும் அடுத்த கடைக்காரர் வாங்கமாட்டார் என்பதால் இந்தக் கடைக்காரரும் வாங்குவதில்லை. பணம் என்பது அடுத்தவர் வாங்குவார் என்ற நம்பிக்கையைப் பற்றி நிற்பது; அந்நம்பிக்கை அறுந்த இடத்தில் அரசின் முத்திரை இருந்தும் அது வெறும் உலோகத் துண்டாகிவிடுகிறது.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் யு.பி.ஐ. பெற்ற வெற்றியின் காரணம் விளங்கும். எந்த வங்கியில் கணக்கு இருந்தாலும், எந்த வங்கியின் கணக்கிற்கும் பணம் செல்கிறது. பெறும் சிறு வணிகருக்குக் கட்டணம் இல்லை. பணம் வந்ததும் கடையிலுள்ள சிறு ஒலிப்பெட்டி தொகையைச் சொல்கிறது. 2025 ஆகஸ்டு மாதத்தில் மட்டும் 2,000 கோடிக்கு மேற்பட்ட யு.பி.ஐ. பரிமாற்றங்கள் நடந்தன. கீரை விற்கும் அம்மையாரும் இளநீர்க் கடைக்காரரும் அட்டை மாட்டியிருப்பதை எங்கள் வட்டாரத்திலேயே காண்கிறேன். சில்லறைக்குப் பதில் மிட்டாய் கொடுக்கும் வழக்கமும் இதனால் ஒழிந்து வருகிறது.

அவ்வாறாயின் நோட்டின் புழக்கம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? குறையவில்லை. 2017 மார்ச்சு இறுதியில் சுமார் 13 லட்சம் கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் 2025 மார்ச்சு இறுதியில் சுமார் 37 லட்சம் கோடி ரூபாயாக உயர்ந்தது. அதே நாளில் புழக்கத்தில் இருந்த டிஜிட்டல் ரூபாயோ சுமார் 1,016 கோடி. நூறு ரூபாய்க்கு நோட்டு என்றால், அதற்கு எதிரே டிஜிட்டல் ரூபாய் மூன்று பைசாகூட இல்லை. தேநீருக்கும் காய்கறிக்கும் கைபேசியை எடுக்கும் அதே மனிதர், பெட்டியில் நோட்டையும் வைத்திருக்கிறார். ஏன் என்று அறிய மாட்டுச் சந்தைக்குச் செல்ல வேண்டும்.

சந்தையும் களையெடுப்பும்

துண்டின் மறைவில் விரல்களைப் பற்றி விலை பேசும் தரகர்கள் இன்றும் எங்கள் சந்தையில் உள்ளனர். பேச்சு முடிந்தவுடன் அச்சாரம் கைமாற வேண்டும். தயங்கினால் மாடு வேறொருவர் கைக்குப் போய்விடும். பல்லாயிரம் பேர் கூடும் அந்நாளில் கைபேசித் தொடர்பு நைந்துபோகிறது. "பணம் போய்விட்டது" என்று வாங்கியவர் சொல்வார். "எனக்கு வரவில்லை" என்று விற்றவர் கயிற்றை விடமாட்டார். இப்படி இரண்டு மணி நேரம் நின்ற ஒரு வழக்கில் நானே நடுவராக இருந்திருக்கிறேன். மற்றொரு காரணத்தை ஒரு விவசாயி தாழ்ந்த குரலில் கூறினார். பசுவை விற்ற பணம் கணக்கில் சேர்ந்தால், பழைய கடன் பாக்கிக்காக வங்கி பிடித்துக்கொள்ளுமோ என்ற அச்சம் அவருக்கு. அவருக்கு அப்பணம் மகளின் கல்லூரிக் கட்டணம்.

இதனினும் என் மனத்தை வருத்தியது கூலி பற்றிய செய்தியாகும். களையெடுப்புக்குப் பன்னிரண்டு பெண்கள் செல்கின்றனர். நிலக்காரர் மொத்தக் கூலியையும் கைபேசியில் அனுப்பிவிடுகிறார். அவர்களில் கைபேசி வைத்திருப்பவர் இருவரே. மற்றவர்களின் கூலி கணவன் கைபேசிக்கோ மகன் கைபேசிக்கோ செல்கிறது. முன்பு மாலையில் கூலியை எண்ணி வாங்கி, வரும் வழியில் அரிசியும் எண்ணெயும் வாங்கி வந்தவர், இப்போது தம் உழைப்பின் பலனை மகனிடம் கேட்டுப் பெற வேண்டியிருக்கிறது. சில நாட்களில் கேட்டும் கிடைப்பதில்லை. நோட்டு என்பது எவர் கையில் கொடுக்கப்படுகிறதோ அவருடையது. கைபேசிப் பணமோ கைபேசிக்கு உடையவருடையதாகிவிடுகிறது. வேகம், வசதி என்று பேசும்போது இந்த வேறுபாட்டை நாம் மறந்துவிடுகிறோம். சாதாரணக் கைபேசியிலும் பணம் அனுப்பும் முறை 2022 மார்ச்சில் வந்துள்ளது; எனினும் அதனை உபயோகிப்பவர் எவரையும் எங்கள் வட்டாரத்தில் நான் இன்னும் சந்திக்கவில்லை. வங்கி முகவரிடம் விரல் ரேகை வைத்துப் பணம் எடுக்கலாம் என்றால், நாற்று நட்டும் கல் உடைத்தும் தேய்ந்த விரல்களின் ரேகையைக் கருவி பல வேளைகளில் ஏற்பதில்லை.

டிஜிட்டல் ரூபாய் இக்குறைகளைத் தீர்க்குமா? ஒரு வகையில் அதற்கு இடமுண்டு. அது வங்கிக் கணக்கில் சேராமல் பணப்பையில் தங்குவது. நோட்டின் குணம் சிறிது அதற்கு இருக்கிறது. இணையத் தொடர்பு இல்லாத இடங்களிலும் அதனை உபயோகிக்கும் வழியைச் சோதிக்கப் போவதாக 2024 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. இந்த வழி செம்மைப்பட்டு, நல்ல கைபேசி இல்லாதவரும் ஓர் அட்டையைக் கொண்டு வாங்கவும் கொடுக்கவும் கூடுமானால், மாட்டுச் சந்தையில்கூட அது நோட்டுடன் போட்டியிடும். அதுவரை அதற்குப் போட்டி நோட்டன்று, யு.பி.ஐ.யே ஆகும். கடைகளிலுள்ள அதே யு.பி.ஐ. அட்டையை டிஜிட்டல் ரூபாய்ப் பையாலும் படிக்கலாம் என்னும் ஏற்பாடு 2023இல் வந்துவிட்டது. கொடுப்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும்போது, பழகியதை விட்டுப் புதியதற்கு எவர் மாறுவார்?

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. நைஜீரியா 2021 அக்டோபரில் இ-நைரா என்னும் டிஜிட்டல் நாணயத்தை வெளியிட்டது. மத்திய வங்கி பின்னே நின்றும், திறக்கப்பட்ட பணப்பைகளில் மிகப் பெரும்பாலானவை உபயோகமின்றிக் கிடந்தன. கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா மத்திய வங்கி வெளியிட்ட நாணயமன்று. ஒரு தொலைபேசி நிறுவனத்தின் சேவை. ஆயினும் அது சாதாரணக் கைபேசியில் இயங்கிற்று. கைபேசிப் பணத்தை உடனே ரொக்கமாக மாற்றித் தரும் முகவர் கிராமங்களில்கூட இருந்தார். வேண்டும்போது ரொக்கமாகும் என்று அறிந்ததனாலேயே மக்கள் அதனை ரொக்கமாக்காமல் வைத்திருந்தனர். நம் காகித நோட்டு நிலைபெற்ற வழியும் இதுதான்.

கட்டளை இட்ட பணம்

டிஜிட்டல் ரூபாயில் நோட்டுக்கு இல்லாத ஒரு புதுமையும் பேசப்படுகிறது. உரத்திற்கென்று கொடுத்த பணத்தை உரக் கடையில் மட்டுமே செலவிட முடியும்படி பணத்திற்குள்ளேயே கட்டளை இட்டுவிடலாம். உதவித் தொகைகள் வழிதவறாமல் சேர இது உதவும் என்பது உண்மை. ஆனால் கூட்டுறவுச் சங்கக் கடனின் ஒரு பகுதியை உர மூட்டையாகவே கொடுத்தபோது, மருத்துவச் செலவுக்காக அதே மூட்டையைக் குறைந்த விலைக்கு விற்றவர்களை நான் அறிவேன். கடன் உர மூட்டையாக வந்தது என்பதற்காக வீட்டில் நோய் வராமல் இருக்கவில்லை. கட்டளை இட்ட பணத்தையும் தள்ளுபடி விலைக்கு மாற்றித் தரும் இடைத்தரகர் தோன்றாமலிரார். இந்த ஏற்பாடு வரும்போது கட்டளையை எழுதுபவர்கள் ஒரு விவசாயியையாவது கலந்து பேசுவது நன்று.

மோசடியைக் குறித்தும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் ஊராருக்கு எடுத்துரைக்க வேண்டும். பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணை அழுத்த வேண்டிய தேவை ஒருபோதும் இல்லை. அதனை அழுத்தினால் பணம் வெளியேதான் செல்லும். கடையின் அட்டைமேல் வேறோர் அட்டையை இரவோடு இரவாக ஒட்டிச் செல்வாரும் உளர். கடைக்காரர் காலையில் ஒரு ரூபாய் அனுப்பிச் சரிபார்த்துக்கொள்வது நல்லது. ஏமாந்தவர் வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்னும் எண்ணை அழைத்தால், பணத்தை வழியிலேயே நிறுத்தக்கூடும்.

மேற்கூறிய தீர்மானம் அடுத்த கூட்டத்தில் மீண்டும் வந்தது. நான் அறிந்தவற்றைச் சொன்னேன். சிறிது வாதம் நடந்தது; இளைஞரான ஓர் அங்கத்தினர், "ரொக்கத்தையும் வாங்கினால் யார்தான் மாறுவார்கள்?" என்று கேட்டார். அக்கேள்வியில் உண்மை உண்டு. எனினும் ரொக்கத்தை மறுப்பதில்லை என்றும், கைபேசியில் செலுத்த விரும்புவோருக்கு அலுவலகச் சுவரில் அட்டை வைப்பது என்றும், மாதத்தில் இரு மாலைகள் செயலாளர் தெருத் தெருவாகச் சென்று இருவகையிலும் வசூலித்து அங்கேயே ரசீது கொடுப்பது என்றும் முடிவாயிற்று. இப்போது அவ்வூரில் ஏறத்தாழப் பாதிப் பேர் கைபேசியில் செலுத்துகின்றனர். எவரையும் கட்டாயப்படுத்தவில்லை.

அம்மூதாட்டி ஓராண்டுக் குடிநீர்க் கட்டணம் 360 ரூபாய்க்கு நான்கு நூறு ரூபாய் நோட்டுகளைக் கொடுத்தார். செயலாளர் ரசீதுடன் நான்கு 10 ரூபாய் நாணயங்களை மீதியாக எண்ணி வைத்தார். அவர் அவற்றைத் தொடவில்லை. "இது கடையில வாங்கமாட்டாங்க, தம்பி" என்றார். செயலாளர் தம் சட்டைப் பையைத் துழாவி இரண்டு 20 ரூபாய் நோட்டுகளை எடுத்துக் கொடுத்தார்.