செக் கேபிள் என்றால் கேபிள்தானா?

கோடை விடுமுறை முடிந்து ஜூனில் கணினி அறையைத் திறந்தால், ஓரிரு கணினிகளாவது கறுப்புத் திரையில் ஓர் ஆங்கில வரியைக் காட்டிவிட்டு நின்றுவிடுகின்றன. ‘பழுது’ என்று சீட்டு ஒட்டி ஒதுக்கிவிடுகிறோம். ஆவடிப் பக்கம் உள்ள எங்கள் பள்ளியில் ஒரு கணினி நின்றால், அதில் அமர வேண்டிய பிள்ளைகள் பக்கத்துக் கணினியை எட்டிப் பார்த்தே பாடவேளையைக் கழிக்கிறார்கள். வீட்டில் கணினி இல்லாத பிள்ளைக்கு அது பெரிய இழப்பு.

‘சிமாஸ் செக்சம் எரர்’ என்று வந்தால், பெரும்பாலும் மதர்போர்டில் உள்ள சிஆர் 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்திருக்கும். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தையும் அமைப்புகளையும் காப்பது அதுதான். தேதி பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விட்டால், பாதுகாப்புச் சான்றிதழ் செல்லாது என்று இணையதளங்கள் திறக்க மறுக்கும். நாமோ இணைய இணைப்பைக் குறை சொல்வோம். மின்இணைப்பைத் துண்டித்துப் பேட்டரியை மாற்றி, தேதியைத் திருத்தினால் போதும்.

‘மீடியா டெஸ்ட் ஃபெயிலியர், செக் கேபிள்’ என்ற வரிதான் அதிகம் குழப்புவது. நெட்வொர்க் கேபிள் கழன்றிருப்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் கணினி அங்கேயே நின்றுவிட்டால் காரணம் வேறு. ஹார்ட் டிஸ்கிலிருந்து தொடங்க முடியாமல், நெட்வொர்க் வழியாகத் தொடங்க முயன்று தோற்றிருக்கிறது. பயாஸில் ஹார்ட் டிஸ்க் தெரிகிறதா, பூட் வரிசையில் முதலில் இருக்கிறதா என்று பாருங்கள். பேட்டரி தீர்ந்தாலும் இந்த வரிசை மாறிவிடும்.

விண்டோஸ் ஒழுங்காகத் திறந்தும் இணையம் வராவிட்டால், அப்போது கேபிளைச் சந்தேகிக்கலாம். எலி கடித்திருக்கலாம், மேசைக் காலில் நசுங்கியிருக்கலாம், ஆர்ஜே 45 முனையின் கிளிப் உடைந்து தளர்ந்திருக்கலாம். பக்கத்துக் கணினியின் நல்ல கேபிளைச் செருகிப் பாருங்கள். இணையம் வந்தால் பழைய கேபிள்தான் குற்றவாளி. வராவிட்டால் ஸ்விட்ச்சில் வேறு போர்ட்டில் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். அறிவியல் சோதனையில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் அதே விதிதான்.

உத்தரவாதக் காலத்தில் உள்ள கணினியைத் திறக்க வேண்டாம். திரையில் வந்த வரியை எழுத்து மாறாமல் குறித்து, பராமரிப்பவரிடம் சொல்லுங்கள். கணினி எண், தேதி, வந்த செய்தி, செய்த தீர்வு என நான்கு கட்டங்கள் கொண்ட ஒரு நோட்டை அறையிலேயே வையுங்கள். அடுத்த ஜூனில் பாதி வேலை குறையும்.