பால்வாடி டீச்சருக்கு யார் டீச்சர்?

ஜூன் மாதம் வந்தால் மயிலாப்பூர், தியாகராய நகர், அடையாறு தெருக்களில் ப்ளே ஸ்கூல் விளம்பரங்கள் வரிசைகட்டும். ஏ.சி. வகுப்பறை, சிசிடிவி கேமரா, வேன் வசதி எல்லாம் அதில் இருக்கும். வகுப்பெடுக்கப்போகும் மிஸ்ஸுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள், வேலையில் சேர்ந்த பிறகு யார் கூட இருந்து பார்க்கிறார்கள் என்ற தகவல் மட்டும் இருக்காது. நாலு தெரு தள்ளி ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குள் இயங்கும் அங்கன்வாடியிலும் இந்தக் கேள்வியை யாரும் எழுப்புவதில்லை.

பயிற்சி முகாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். மண்டபத்தில் உட்காரவைத்து, மைக் பிடித்துப் பேசி, மதியச் சாப்பாடு போட்டு, கையேட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை காலையில் நாலு குழந்தைகள் ஒன்றாக அழ ஆரம்பிக்கும்போது அந்தக் கையேடு பீரோவுக்குள் இருக்கும். வகுப்பறை வழிகாட்டல் என்பது வேறு. அனுபவமுள்ள ஓர் ஆசிரியர் இன்னொருவரின் வகுப்புக்கே வந்து உட்கார்ந்து பார்க்கிறார். முடிந்ததும் தனியாகப் பேசுகிறார். தேவைப்பட்டால் தானே செய்து காட்டுகிறார். சில வாரம் கழித்து மறுபடி வருகிறார். மார்க் போடுவதில்லை, மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவதுமில்லை.

கதை நேரத்தை எடுத்துக்கொள்வோம். சிங்கமும் முயலும் கதை, கையில் படம். “இது என்ன?” “சிங்கம்!” “இது?” “முயல்!” “சிங்கம் எதுல விழுந்துச்சு?” “கிணத்துல!” வகுப்பு கலகலவென்று இருக்கிறது. வாசலில் நின்று பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது. மூலையில் பாயில் உட்கார்ந்திருக்கும் வழிகாட்டி மட்டும் நோட்டில் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பார். கேள்விகள் அத்தனைக்கும் ஒற்றைச் சொல்லே பதில். அதைச் சொன்னதும் முன்னால் உட்கார்ந்திருக்கும் அதே நாலு பேர்தான்.

குழந்தைகள் தூங்கிய பிறகு பேச்சு இப்படிப் போகும்.

“கதை நல்லா சொன்னீங்க டீச்சர். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்த பாப்பா வாயே திறக்கல, பார்த்தீங்களா?”

“அவ எப்பவும் அப்படித்தான் மேடம்.”

“நாளைக்கு ஒண்ணே ஒண்ணு செஞ்சு பார்ப்போம். ‘முயல் ஏன் லேட்டா போச்சு?’ன்னு கேளுங்க. கேட்டுட்டு மனசுக்குள்ள மூணு எண்ணுங்க. அப்புறம் அவ பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க.”

மூன்று எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கேள்வி கேட்ட ஆசிரியர் பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் சராசரியாக ஒரு வினாடிதான் என்று 1970-களில் அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டறிந்தார். அதை மூன்று வினாடியாக்கியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். இதை முகாமில் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள். தன் வகுப்பில் யார் பேசவில்லை என்று ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்னால்தான் உறைக்கும். ‘ஒண்ணே ஒண்ணு’ என்பதும் முக்கியம். பத்துக் குறையைப் பட்டியல் போட்டால் டீச்சர் பத்தையும் விட்டுவிடுவார்.

ஆய்வுகளும் இதன் பக்கம்தான். மேத்யூ கிராஃப்ட் குழுவினர் 60 ஆய்வுகளைத் தொகுத்து 2018-ல் வெளியிட்ட கட்டுரையின்படி, இத்தகைய வழிகாட்டலால் கற்பிக்கும் விதம் கணிசமாக மேம்படுகிறது. பிள்ளைகளின் கற்றலும் உயர்கிறது, ஆனால் அவ்வளவு அல்ல. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைகிறது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. நல்ல வழிகாட்டிகளை ஆயிரக்கணக்கில் தேடிப் பிடிப்பது லேசான காரியமா என்ன?

அடையாறு பார்த்த பாடம்

சென்னைக்கு இது புதிதல்ல. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேலின் அழைப்பை ஏற்று மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் மகன் மரியோவுடன் அடையாறு வந்தார். ஆல்காட் தோட்டத்தில் நடந்த முதல் வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். அவர் இத்தாலியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் குதித்ததும் பிரிட்டிஷ் அரசு மரியோவைச் சிறை முகாமுக்கு அனுப்பியது. தாயாருக்குச் சபை வளாகத்தை விட்டு வெளியே போகத் தடை. அந்த ஆகஸ்டில் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு மகன் விடுவிக்கப்பட்டார். சில மாதங்களுக்கென வந்தவர் 1946 வரை இந்தியாவில் தங்கிவிட்டார். அவரிடம் பயின்ற ஆசிரியர்கள் ஆயிரத்துக்கும் மேல்.

அந்தப் பயிற்சியின் உயிர்நாடி, கவனிப்பது. குழந்தைகள் வேலை செய்யும் அறையில் பயிற்சி ஆசிரியர் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து, பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். பார்க்கக் கற்றவர்தான் பிறகு இன்னொரு ஆசிரியரின் வகுப்பைப் பார்த்துச் சொல்ல முடியும். இன்று ஊரெங்கும் மாண்டிசோரி போர்டு தொங்குகிறது. அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு கிடையாது; பெயின்ட் வாங்கக் காசிருந்தால் போதும்.

பதிவேடா, பிள்ளையா?

ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அதற்கு வழிவகுத்த அறிக்கையைத் தந்த ஆய்வுக் குழுவின் தலைவர் மீனா சுவாமிநாதன். பின்னாளில் சென்னையில் வாழ்ந்து, தரமணி எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து முன்பருவக் கல்விக்காக உழைத்தவர், 2022-ல் மறைந்தார். தமிழ்நாட்டில் இப்போது 54,000-க்கும் மேற்பட்ட அங்கன்வாடி மையங்கள் உள்ளன. ‘ஆடிப் பாடி விளையாடு பாப்பா’ என்ற நல்ல பாடத்திட்டமும் இருக்கிறது.

குறை வேறு இடத்தில். அங்கன்வாடிப் பணியாளர் சத்துமாவு கொடுக்க வேண்டும், எடையும் உயரமும் பார்க்க வேண்டும், கர்ப்பிணிகளைப் பதிவு செய்ய வேண்டும், போஷன் டிராக்கர் செயலியில் எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். மீதி நேரத்தில் டீச்சர். மேற்பார்வையாளர் ஒருவருக்கு ஏறத்தாழ 25 மையங்கள். அவர் வந்தால் முதலில் கேட்பது வருகைப் பதிவேடும் முட்டைக் கணக்கும்தான். அவரைக் குற்றம் சொல்ல முடியாது; அதற்குத்தான் அவருக்குச் சம்பளம். ஆனால் முட்டைக் கணக்குப் பார்ப்பவரிடம் “என்னால இந்த வகுப்பைச் சமாளிக்க முடியல மேடம்” என்று எந்தப் பணியாளர் மனம்விட்டுப் பேசுவார்?

நேரம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே சான்று இருக்கிறது. அலெஹாண்ட்ரோ கனிமியன், கார்த்திக் முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் தமிழ்நாட்டின் நான்கு மாவட்டங்களில் 320 மையங்களில் ஆய்வு செய்தார்கள். அவற்றில் ஒரு பகுதிக்கு, கற்பிப்பதற்கென்றே அரைநாள் வேலைக்கு இன்னொருவரை அமர்த்தினார்கள். அங்கே கற்பிக்கும் நேரம் இரட்டிப்பானது. 18 மாதங்களில் கணக்கிலும் மொழியிலும் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். ஊட்டச்சத்துக் குறைபாடும் குறைந்தது, ஏனென்றால் பழைய பணியாளருக்கு அந்த வேலையைக் கவனிக்க நேரம் கிடைத்தது. இது வழிகாட்டல் பற்றிய ஆய்வு அல்ல. ஆனால் மூச்சுவிட நேரமில்லாதவருக்கு வழிகாட்டியை அனுப்பிப் பயனில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

2019 ஜனவரியில் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியபோது, உபரி இடைநிலை ஆசிரியர்களை அங்கே மாற்றினார்கள். அவர்கள் மழலையர் கல்விக்குப் பயின்றவர்கள் அல்ல. எதிர்ப்பு கிளம்பி, விவகாரம் நீதிமன்றம் போனது. 2022-ல் வகுப்புகளை மூடப் பார்த்து, பின்வாங்கி, மாதம் 5,000 ரூபாய்க்குத் தற்காலிக ஆசிரியர்களை நியமிக்க முடிவானது. சின்னப் பிள்ளைகளுக்கு யார் வேண்டுமானாலும் பாடம் நடத்தலாம் என்ற நினைப்பைத் தவிர இதில் வேறென்ன இருக்கிறது? தேசியக் கல்விக் கொள்கை 2020 அங்கன்வாடிப் பணியாளர்களுக்கு ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்பும் மாதம் ஒரு நேரடி வகுப்பும் சொல்கிறது. தமிழ்நாடு அந்தக் கொள்கையை ஏற்காதது தனி விவாதம். மாத வகுப்பும் டீச்சரைத்தான் வெளியே வரச் சொல்கிறது. யாரும் அவர் வகுப்புக்குள் வருவதில்லை.

அரசு செய்ய வேண்டியது, கணக்குப் பார்ப்பவரையும் கற்றுக்கொடுப்பவரையும் பிரிப்பது. நல்ல பெயரெடுத்து ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர்களையும் மழலையர் பள்ளி ஆசிரியர்களையும் தேர்ந்தெடுத்து, ஆளுக்குச் சில மையங்களை மட்டும் ஒப்படைக்கலாம். அறிக்கை எழுதும் வேலை அவர்களுக்கு வேண்டாம். மாநிலம் முழுக்க ஒரே நாளில் அறிவிக்கவும் வேண்டாம். அடையாறு மண்டலத்தில் முதலில் செய்து பார்க்கட்டும். எம்.பி. விஜயகுமார் மாநகராட்சி ஆணையராக இருந்தபோது, தொடக்கப் பள்ளிகளுக்கான செயல்வழிக் கற்றல் முறையும் 2003-ல் சென்னையின் 13 மாநகராட்சிப் பள்ளிகளில்தான் தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் மாநிலத்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகள் எங்கும் அது நடைமுறைக்கு வந்தது.