மூளைக்கும் உண்டு கவாத்து!

"சார், எனக்குக் கணக்கு வராது. என் மூளை அவ்வளவுதான்!"

மாணவர்களே, நான் ஆசிரியராக இருந்த காலத்தில் இப்படிச் சொன்ன பிள்ளைகள் பலர். நானும் சில நேரம், 'இவன் தலையில் ஏறாது' என்று முடிவு கட்டியதுண்டு. அது எவ்வளவு பெரிய தவறு என்பதை மூளையின் படங்களே இன்று சொல்கின்றன. அந்தக் கதையைக் கேளுங்கள்.

மண்டையைத் திறக்காமல் மூளையை எப்படிப் படம் பிடிப்பது? அதற்குத்தான் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இருக்கிறது. நம் உடலில் பெரும்பகுதி தண்ணீர். அதில் உள்ள ஹைட்ரஜன் அணுக்களின் கருக்கள் மிகச் சிறிய காந்தங்களைப் போல நடந்துகொள்ளும். ஸ்கேன் கருவியின் பெரிய காந்தம், காலை வணக்கத்துக்கு வரிசையில் நிற்கும் உங்களைப் போல, அவற்றை ஒழுங்குபடுத்தும். பிறகு ரேடியோ அலைகளை அனுப்பினால் அவை சற்றுச் சாய்ந்து, மீண்டும் பழைய நிலைக்குத் திரும்பும். அப்போது அவை தரும் சமிக்ஞைகளைக் கம்ப்யூட்டர் படமாக்கிவிடும். இந்த முறையை உருவாக்க உதவிய அமெரிக்காவின் பால் லாட்டர்பர், இங்கிலாந்தின் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டு இருவருக்கும் 2003ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இதில் எக்ஸ்ரே கதிர்கள் இல்லை; வலியும் இல்லை. 'டக டக' என்று பெரிய சத்தம் மட்டும் கேட்கும். அசையாமல் படுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அதனால், ஒரே குழந்தையை ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்பப் படம் எடுக்க முடியும்.

அதைத்தான் செய்தார், அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் பணியாற்றிய டாக்டர் ஜே கீட். இந்த ஆய்வில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை குழந்தைகளின் மூளை படம் பிடிக்கப்பட்டது. 145 பேரின் படங்களை ஆராய்ந்து 1999ல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆறு வயதிலேயே நம் மூளை, பெரியவர்களின் மூளை அளவில் ஏறத்தாழ 90 சதவீதத்தை எட்டிவிடுகிறது. 'அப்படியானால் வளர்ச்சி முடிந்துவிட்டதா?' என்றுதானே கேட்கிறீர்கள்? இல்லை! மூளையின் முன்பகுதியில் உள்ள சாம்பல் நிறப் பகுதி, பெண்களுக்குச் சுமார் 11 வயது, ஆண்களுக்குச் சுமார் 12 வயது வரை பெருகுகிறது. அதன்பின் மெல்லக் குறைகிறது.

குறைவதா? பயப்படாதீர்கள்! மல்லிகைச் செடியைக் கவாத்து செய்தால்தானே நன்றாகப் பூக்கும்? அதுபோல, பயன்படாத நரம்பு இணைப்புகளை மூளை நீக்கிவிடுகிறது. பயன்படுபவற்றை வலுவாக்குகிறது என்று விஞ்ஞானிகள் கருதுகிறார்கள். அதோடு, நரம்பு இழைகளின் மேல் கொழுப்பாலான உறை படர்கிறது. ஒற்றையடிப் பாதை தார்ச்சாலை ஆனது போல, செய்திகள் பல மடங்கு வேகமாகச் செல்கின்றன. திட்டமிடுதல், பொறுமை, 'செய்யலாமா, வேண்டாமா' என்று யோசித்தல் ஆகியவற்றுக்கு உதவும் முன்பகுதிதான் கடைசியில் முதிர்கிறது. அதற்கு 25 வயதுகூட ஆகலாம்!

பயிற்சியால் மூளை மாறுமா? ஜெர்மனியில் நடந்து, 2004ல் வெளியான ஆய்வு ஒன்றைப் பாருங்கள். இளைஞர்கள் சிலர், மூன்று பந்துகளை மாற்றி மாற்றித் தூக்கிப் போட்டுப் பிடிக்க மூன்று மாதம் பழகினார்கள். அசையும் பொருளைக் கவனிக்கும் மூளைப் பகுதி அவர்களுக்குச் சற்றுப் பெருத்திருந்தது. பழகாமல் விட்டதும் அது மீண்டும் குறைந்தது!

அமெரிக்காவில் 9, 10 வயதுப் பிள்ளைகள் ஏறக்குறைய 12,000 பேரைச் சேர்த்து இன்னொரு பெரிய ஆய்வும் நடக்கிறது. சேர்ந்தபோது அவர்களுக்கு உங்களில் பலரின் வயதுதான்!

ஒன்றை நினைவில் வையுங்கள். மேலே சொன்ன வயதுகள் எல்லாம் சராசரிதான். ஒருவருக்கு முன்னே, ஒருவருக்குப் பின்னே. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைக்கு இன்று புரிந்த பாடம், உங்களுக்கு அடுத்த மாதம் புரியலாம். அதற்காக யாரும் மக்கு இல்லை.

ஆகவே இனி, "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்லாதீர்கள். "இன்னும் வரவில்லை" என்று சொல்லுங்கள். தினமும் நடக்கும் பாதையில் புல் முளைப்பதில்லை. கணக்கோ, கபடியோ, ஓவியமோ, தினமும் கொஞ்ச நேரம் பழகுங்கள்.

'தலையில் ஏறாது' என்று நான் முடிவு கட்டிய அந்தப் பிள்ளைகளிடம் சொல்லத் தவறியதை உங்களிடம் சொல்லிவிட்டேன். சரி, கணக்கு நோட்டை எடுக்கலாமா?